கிளட்ச் பிடிக்கும் கை

ரவுண்டு என்றதும் ஆள் உருண்டையாக இருப்பான் என்று நினைத்துவிடக் கூடாது. ஃபேன் காற்றுக்கே சாய்ந்துவிடுவான் போல ஒல்லி. வண்டி பார்க்க வருகிறவர்களிடம் அவன் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, "வாங்க சார், ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து பேசலாம்" என்பதுதான். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. சம்பளம் போடுகிற இடத்தில் வேறு பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அது ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.

அந்த மோட்டார் சைக்கிள் ஷோரூமில் நான் வண்டி கழுவுகிறவள். முன்பக்கம் கண்ணாடிச் சுவரும் வெளிச்சமும் ஏசியும். பின்பக்கம் சர்வீஸ் ஷெட். அதன் ஓரத்தில் சாய்வாக சிமெண்ட் போட்ட மேடை ஒன்று இருக்கிறது, அதுதான் என் இடம். நாள் முழுக்க ரப்பர் பூட்ஸுக்குள் கால் ஊறிக்கொண்டிருக்கும். ஷோரூம் திறந்த வருஷத்தில் சேர்ந்தவர்களில் மிச்சம் இருந்தது நாங்கள் மூன்று பேர்தான். நான், ரவுண்டு, ஷெட்டை நடத்தும் ஃபோர்மேன். ரவுண்டு என்னை அக்கா என்பான். நான் தம்பி என்பேன்.

வருகிறவர்கள் ஓட்டிப் பார்ப்பதற்கென்று ஒரு வண்டி தனியாக உண்டு. நீல நிறம். ரொம்பப் பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை, நடுத்தரமான ஸ்போர்ட்ஸ் வண்டி. அதைத் தினமும் காலையில் குளிப்பாட்டித் துடைத்து மினுக்கி வாசலில் நிறுத்துவேன். வருகிறவர்கள் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார்கள். வீட்டு வேலை எதுவும் அதற்குக் கிடையாது. அதனால் ஃபோர்மேன் அதற்கு வைத்த பெயர் மாப்பிள்ளை.

மாப்பிள்ளையைப் பற்றி ரவுண்டு பேசுவதைக் கேட்க வேண்டும். நான் குழாயை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.

"சார், இதுக்கு ரெண்டு சிலிண்டர். மூட்டைய ஒரு ஆளு தூக்குறதுக்கும் ரெண்டு பேரு சேந்து தூக்குறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல? அதான். கை அதிராது. மெதுவாப் போனா பசு மாதிரி போகும். மீட்டர்ல அந்தக் கோடு பாதியத் தாண்டிச்சுன்னா அது வேற ஆளு. அப்ப நீங்க தயாரா இருக்கணும். அது எப்பவும் தயாராத்தான் இருக்கும்."

"பிரேக் எப்படிப்பா?" என்பார் வந்தவர்.

"பயத்துல புடுங்கினாலும் சக்கரம் பூட்டிக்காது சார். அதுவே விட்டு விட்டுப் புடிச்சுக்கும். அவசரத்துல ரெண்டு கியரச் சேத்துக் குறைச்சுட்டீங்கன்னு வைங்க, பின் சக்கரம் உதறணும். இதுல உதறாது. கிளட்ச்சே கொஞ்சம் வழுக்கிக் கொடுத்துடும். மனுஷன் தப்புப் பண்ணுவான்னு தெரிஞ்சே செஞ்ச வண்டி சார் இது."

இதைக் கேட்கும்போது ஆண்டவனை நினைத்துக்கொள்வேன். நாம் தப்புச் செய்வோம் என்று தெரிந்தேதானே அவனும் நம்மைத் தாங்குகிறான்.

குறையையும் ரவுண்டு மறைக்க மாட்டான். நெரிசலில் நின்றால் இன்ஜின் சூடு தொடையில் அடிக்கும் என்பான். பின் சீட் பேருக்குத்தான், வீட்டம்மாவை உட்கார வைத்தால் வீட்டுக்குப் போனதும் சண்டை நிச்சயம் என்பான். ஒருமுறை ஒரு பெரியவர் பணத்தோடு வந்து நின்றார். இவன் அவர் நடையைப் பார்த்துவிட்டு, "இது குனிஞ்சு ஓட்டுற வண்டி சார், உங்க முதுகு சம்மதிக்காது. அந்தப் பக்கம் நிக்குது பாருங்க, அது உங்களுக்கு" என்று விலை குறைந்த வண்டியைக் காட்டிவிட்டான். மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது.

"நீ வண்டி விக்க வந்தியா, வைத்தியம் பாக்க வந்தியா?"

"விக்கத்தான் சார். வித்தது திரும்பி வந்துடக் கூடாதேன்னு பாக்குறேன்."

மேனேஜர் நல்ல மனிதர்தான். முறைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஓட்டிக் காட்டுவதற்கு ரவுண்டுக்கு ஒரு முறை இருந்தது. ஷோரூமுக்குப் பின்னால், குடோன்களுக்கு நடுவே ஒரு நேர் சாலை. போகும்போது இவன் ஓட்டுவான், வந்தவர் பின்னால். சாலை முடிகிற இடத்தில் இறங்கி இடம் மாறுவார்கள். திரும்பும்போது அவர் ஓட்ட, இவன் பின்னால். முன்னும் பின்னும் உட்கார்ந்து பார்த்தால்தான் வண்டி தெரியும் என்பான். சின்ன வயதில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் தேய்ந்த மொபெட் ஒன்றில் வெயிலில் சுற்றியவன். மேடு ஏற மூச்சு வாங்குகிற அந்த மொபெட்டை இறங்கித் தள்ளிய கதையை அவனே சொல்லிச் சிரிப்பான். அதனால்தான் மாப்பிள்ளை மேல் உட்காரும்போதெல்லாம் புதிதாக உட்காருகிறவன் மாதிரியே உட்காருவான். கையுறை போட்டு, கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பி, இடது கையால் கிளட்ச் லீவரை ஒரு முறை பிடித்து விட்டு. அப்புறம்தான் சாவி.

அவன் மனைவி வண்டி சீட் தைக்கிறவள். கனமான ரெக்சினைத் தைக்கிற பெரிய மெஷினை வீட்டுக் கூடத்திலேயே போட்டிருந்தாள். ஷோரூமில் கிழிந்த சீட்டெல்லாம் அவளிடம்தான் போகும். கல்யாணத்துக்கு முன்னால், தையல் சரியில்லை, தையல் சரியில்லை என்று ஒரே சீட்டைத் திரும்பத் திரும்பக் கொண்டுபோனவன் இவன். கடைசியில் அவளே, "தையல்ல குறை இல்ல, உங்க பார்வையிலதான் குறை. வீட்டுல பெரியவங்க இருந்தா வரச் சொல்லுங்க" என்றாளாம். மாப்பிள்ளையின் பின் சீட்டை முதலில் பார்த்தபோது அவள் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "இது சீட்டா, பிஸ்கட்டா?"

ஒரு மழைக்காலத்தில் ஆரம்பித்தது. ரவுண்டு சேற்றோடு வந்து என் குழாயில் கை கழுவினான். இடது கையை நீட்டியபோது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம். கரண்டியால் வழித்து எடுத்தது போல இருந்தது. வலது கையைப் பார்த்தேன். அது நன்றாகத்தான் இருந்தது.

"என்ன தம்பி இது?"

"தெரியலக்கா. கொஞ்ச நாளா விரலு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. இண்டிகேட்டர் போடச் சொன்னா ஹாரன் அடிக்குது."

சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன்.

மனைவி கட்டாயப்படுத்தி டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஊசி குத்தி, கரண்ட் வைத்து, என்னென்னவோ பார்த்தார்கள். திரும்பி வந்தவன் மேடை ஓரத்தில் உட்கார்ந்து எனக்குச் சொன்னான்.

"நரம்பு பட்டுப்போகுதாம்க்கா, செடி பட்டுப்போற மாதிரி. இடது கையில ஆரம்பிச்சிருக்குன்னாரு. எங்க வந்து நிக்கும்னு கேட்டேன். அதுக்கு அவரு ஒண்ணும் சொல்லல."

"மருந்து?"

"வண்டியில கேபிள் அறுந்தா புதுசு மாட்டலாம். இதுக்கு பார்ட்ஸ் வர்றதில்லையாம்."

அன்றிலிருந்து அவன் பேரைச் சொல்லி வேண்டாத நாள் இல்லை. வேண்டுதலில் நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கை. அதிலும், ஒரு லீவரைப் பிடித்து விடுகிற அளவுக்குப் பலம். அவ்வளவுதான் கேட்டேன். ஓட்ட முடியாமல் போனால் ரவுண்டு என்ன ஆவான் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அவன் அப்போது மாப்பிள்ளையைத்தான் நம்பினான். அந்த வண்டியில் இருக்கிற வசதி ஒவ்வொன்றும் தனக்காகவே செய்தது போல எடுத்துக்கொண்டான். கிளட்ச் லீவரில் ஒரு சின்னத் திருகு உண்டு. கை சின்னதாக இருக்கிறவர்கள் லீவரைப் பிடிக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொள்ளலாம். இவன் அதைக் கடைசி வரை திருகிப் பக்கத்தில் கொண்டுவந்தான். இரண்டு விரலால் பிடித்தவன் நாலு விரலால் பிடித்தான். பிறகு உள்ளங்கையின் அடிப்பக்கத்தை முட்டுக் கொடுத்துப் பிடித்தான்.

கிளட்ச்சைத் தொடாமலே கியர் மாற்றுகிற வசதியும் அதில் இருந்தது. க்விக் ஷிஃப்டர் என்பார்கள். காலால் தட்டினால் போதும், மேலே போகும், கீழே வரும். முன்பெல்லாம் அதை வந்தவர்களுக்கு வேடிக்கை காட்டுவான். இப்போது அதில்தான் அவன் பிழைப்பே ஓடியது.

"ஓட ஆரம்பிச்சிட்டா கிளட்ச்சே வேணாம்க்கா. கிளம்பும்போது ஒரு தடவ, நிக்கும்போது ஒரு தடவ. நடுவுல கை சும்மாதான்."

அதனால் நிற்காமல் இருப்பதற்கு வழி தேடினான். சிக்னல் இருக்கிற பாதையை விட்டான். தூரத்தில் லாரி திரும்புவது தெரிந்தால் இங்கேயே வேகத்தைக் குறைத்து, அது போய் முடிகிற நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேருவான். வாட்ச்மேனிடம் சொல்லிவைத்து, இவன் வருகிற சத்தம் கேட்டதும் கேட்டைத் திறந்துவைக்கச் செய்தான். வாட்ச்மேன் விறைப்பாக நின்று சல்யூட் அடித்து, "ராஜா வர்றாரு, வழி விடுங்க" என்பார். எதற்கு என்று அவருக்குத் தெரியாது. ரவுண்டுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கோடை வந்தபோது அதுவும் போதவில்லை. லீவரைப் பாதி தூரம்தான் இழுக்க முடிந்தது. பாதி இழுத்தால் கிளட்ச் விடாது. அப்போதுதான் அவன் யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தான். லீவரில் கொஞ்சம் ஆட்டம் இருக்க வேண்டும் என்பது கிளட்ச்சின் விதி. இவன் கேபிளை முறுக்கி அந்த ஆட்டத்தை எடுத்துவிட்டான், பாதி இழுத்தாலே விட்டுக்கொடுக்கிற மாதிரி. அவனுக்கு அது வசதி. ஆனால் கையை முழுதாக எடுத்த பிறகும் உள்ளே கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்கவில்லை. தேய்ந்துகொண்டே ஓடின.

ஓட்டிப் பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்க ஆரம்பித்தார்கள்.

"சத்தம் போடுதே தவிர இழுவை இல்லையே தம்பி?" என்றார் ஒருவர்.

"சொன்னீங்களே, பாதியத் தாண்டினா வேற ஆளுன்னு? எனக்கு அதே ஆளுதான் தெரியிறான்" என்றார் இன்னொருவர்.

மாப்பிள்ளையை ஓட்டிவிட்டு வண்டி வாங்குகிறவர்கள் குறைந்துபோனார்கள். மேனேஜர் புழுங்கினார். தன்னுடைய வாயால் புகழ்ந்த வண்டி, தன்னுடைய கையால் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று ரவுண்டுக்குத் தெரியாமலா இருக்கும்? கேபிளைத் தளர்த்தினால் வண்டி பிழைக்கும். ஆனால் இவன் ஓட்ட முடியாது. காலையில் வண்டியைக் குளிப்பாட்ட இன்ஜின் பக்கம் குனிந்தால் கருகின வாடை வரும். அவனைப் பார்ப்பேன். அவன் வேறு எங்காவது பார்ப்பான்.

கடைசியில் ஃபோர்மேன் மாப்பிள்ளையை ஷெட்டுக்குள் தள்ளிக்கொண்டு போய்ப் பிரித்தார். பிளேட்டுகள் நீலம் பாரித்துக் கிடந்தன. லீவர் பக்கம் போய்க் கேபிளைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டே நேராக என் மேடைக்கு வந்தார். ரவுண்டு அங்கேதான் இருந்தான்.

"எவன்டா அந்தக் கேபிள முறுக்கினது? என் ஷெட்டுல எவனுக்குடா அவ்வளவு அறிவு?"

ரவுண்டு அவர் முன்னால் வந்து நின்றான். இடது கையை நீட்டினான். விரல்கள் பாதி மடங்கி அப்படியே நின்றன. விரிக்கச் சொன்னாலும் விரியாது.

ஃபோர்மேன் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வண்டி பாகத்தைப் பார்க்கிற மாதிரியேதான் பார்த்தார். அவருக்குப் பார்க்கத் தெரிந்தது அப்படித்தான்.

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளாண்ணே."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு? வாயும் பட்டுப்போச்சா?"

திட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தார். கையில் கிரீஸ், முகத்தில் அப்பிக்கொண்டது. மேனேஜரிடம் என்ன சொன்னாரோ, விஷயம் அப்போதைக்கு அடங்கியது. பிளேட்டை மாற்றி, கேபிளை முறைப்படி வைத்தார். விடுமுறை நாள் காலையில் ரவுண்டை வரச் சொன்னார்.

"முறையா வச்ச வண்டிய நீ ஓட்டிக் காட்டு. ஓட்டிட்டா நான் வாயத் திறக்க மாட்டேன்."

அவன் மனைவியும் வந்தாள். கையில் ஒரு பை. அதற்குள் அவளே தைத்த கையுறை. சீட்டுக்குப் போடுகிற நல்ல ரெக்சின், இரட்டைத் தையல். மணிக்கட்டில் அகலமாக ஒரு பட்டை, விரல் பக்கம் ஒரு வளையம். வளையத்தை லீவரில் மாட்டிவிட்டால் விரலுக்கு வேலையில்லை, முழங்கையால் இழுக்கலாம். எத்தனை தடவை பிரித்துப் பிரித்துத் தைத்தாளோ, ரெக்சின் முழுக்க ஊசி போன துளை.

"போட்டுப் பாருங்க" என்றாள். "தையல்ல குறை இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

அவன் சிரித்தான். அவளே மாட்டிப் பட்டையை இறுக்கினாள். ஷெட் வாசலில் நானும் ஃபோர்மேனும் நின்றோம். நான் உள்ளுக்குள்ளே வேண்டிக்கொண்டே இருந்தேன்.

லீவரை இழுத்தான். முழுதாக வந்தது. முதல் கியர் போட்டான். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் கிளட்ச்சைப் பிடிப்பது பாதி வேலைதானாம். விடுவதுதான் மீதி. கொஞ்சம் கொஞ்சமாக, வண்டி நகரத் தொடங்குகிற அந்த இடம் வரை வந்து, அங்கே ஒரு நொடி தயங்கி, பிறகு விட வேண்டும். அந்தத் தயக்கம் விரல் நுனியில் இருக்கிறது. முழங்கைக்கு அது தெரியாது. இவன் விட்டதும் மொத்தமாக விட்டுப்போய் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. மறுபடி. மறுபடி அணைந்தது. மறுபடி.

"ஆக்ஸிலேட்டரக் கொஞ்சம் கூட வச்சு விடு" என்றார் ஃபோர்மேன்.

கூட வைத்து விட்டான். மாப்பிள்ளை முன் சக்கரத்தைத் தூக்கிப் பாய்ந்தது. வலது கையால் பிரேக்கைப் பிடித்தான். நின்றது, ஆனால் சாய்ந்தது. வளையம் லீவரில் மாட்டியிருந்ததால் கையை எடுக்க முடியவில்லை. வண்டியோடு சேர்ந்து என் சிமெண்ட் மேடையில் விழுந்தான். ஓடிப்போய் மூவரும் தூக்கினோம். அவனுக்குப் பெரிய அடி இல்லை. மனைவி அவன் மணிக்கட்டிலிருந்து பட்டையைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தாள்.

ஃபோர்மேன் விழுந்த வண்டியைப் பார்க்கவே இல்லை. "போதும்டா" என்றார். "போதும். வீட்டுக்குப் போ."

விஷயம் தெரிந்தும் மேனேஜர் அவனை வேலையை விட்டு அனுப்பவில்லை. வேறு ஒருவனை ஓட்டிக் காட்டும் வேலைக்கு எடுத்தார். ரவுண்டுக்கு முன்பக்கம் ஏசியில் இடம் கொடுத்து, நல்ல சட்டை கொடுத்து, வருகிறவர்களுக்கு வண்டியின் வசதிகளை எடுத்துச் சொல்கிற வேலை கொடுத்தார். இடது கையைப் பேன்ட் பையில் விட்டுக்கொண்டு பேசுவான். பார்க்கிறவர்கள் ஸ்டைல் என்று நினைத்துக்கொள்வார்கள்.

முதலில் நன்றாகத்தான் பேசினான். போகப் போகப் பேச்சு சுருங்கியது. ரெண்டு சிலிண்டர், ஆறு கியர், பிரேக் பூட்டிக்காது. மூட்டையும் பசுவும் போய்விட்டன. அவன் பேசி முடித்ததும் வந்தவரைப் புதியவன் அழைத்துக்கொண்டு வெளியே போவான். வண்டி கேட்டைத் தாண்டி, ஒவ்வொரு கியராக ஏறி, சத்தம் குறைந்து மறைகிற வரை ரவுண்டு நின்ற இடத்திலேயே நிற்பான். அப்புறம் பின்பக்கம் வந்து என் மேடையில் உட்காருவான்.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்லக்கா. ஏசி குளிருது."

ஒருநாள் புதியவன் காய்ச்சல் என்று வரவில்லை. ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மாப்பிள்ளையை ஓட்டிப் பார்க்க வந்திருந்தார். அமைதியான மனிதர். ஷோரூம் ஆள் ஒருவர் கூடப் போகாமல் வண்டியை வெளியே விடுவதில்லை என்பது விதி.

"நான் பின்னாடி உக்காந்து போறேன் சார்" என்றான் ரவுண்டு. "பின்னாடி உக்கார கிளட்ச் எதுக்கு?"

மேனேஜர் யோசித்தார். அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

எத்தனையோ நாளைக்குப் பிறகு ஹெல்மெட் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். தாடைப் பட்டையின் கொக்கியை அவனால் போட முடியாது. நான் போட்டுவிட்டேன். என் கை ஈரம் அவன் கழுத்தில் பட்டதும், "குளிப்பாட்டாதீங்கக்கா, நான் வண்டி இல்ல" என்றான். பழைய ரவுண்டு. மாப்பிள்ளை கேட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அதற்கப்புறம் நடந்ததை வாத்தியாரே திரும்பி வந்து, எல்லார் முன்னாலும் சொன்னார்.

குடோன் சாலையில் ரவுண்டு பின்னால் இருந்து உற்சாகமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். இன்னும் கொஞ்சம் கொடுங்க சார், பயப்படாதீங்க, இப்ப பாருங்க என்று. அவரும் கொடுத்திருக்கிறார். வண்டி வேறு ஆளாகியிருக்கிறது. திடீரென்று ஒரு குடோன் வாசலிலிருந்து தள்ளுவண்டி ஒன்று குறுக்கே வர, அவர் பயத்தில் பிரேக்கைப் பிடுங்கிவிட்டார். சக்கரம் பூட்டவில்லை. வண்டி வழுக்கவில்லை. கோடு போட்ட மாதிரி நேராக நின்றது.

பின்னால் இருந்தவனால்தான் நிற்க முடியவில்லை. அந்த பிஸ்கட் சீட்டில் பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. முன்னால் இருக்கிறவர் இடுப்பையோ டேங்கையோ கையால் அழுத்திக்கொள்ள வேண்டும். இடது கை ஏற்கெனவே போய்விட்டது. வலது கையாவது பிடிக்கும் என்று நம்பியிருக்கிறான். அதுவும் பிடிக்கவில்லை. வாத்தியார் முதுகில் மோதி, பக்கவாட்டில் சரிந்து, நின்ற வண்டியிலிருந்து மூட்டை மாதிரி ரோட்டில் விழுந்திருக்கிறான்.

முழங்கையில் தோல் வழன்றிருந்தது. அவ்வளவுதான் அடி. ஆனால் அவன் ரோட்டில் உட்கார்ந்து வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தானாம். விரல்களை மடக்கினான், விரித்தான். கட்டைவிரல் பக்கத்தில் தொட்டுப் பார்த்தான். அங்கேயும் பள்ளம் விழ ஆரம்பித்திருந்தது.

"ஏறுங்க, மெதுவாப் போயிடலாம்" என்றிருக்கிறார் வாத்தியார்.

"வேணாம் சார். நீங்க முன்னாடி போங்க, நான் நடந்து வர்றேன்."

அவர் விட்டுவிட்டு வரவில்லை. அவன் நடக்க, அவர் பக்கத்திலேயே நடை வேகத்தில் ஓட்டிக்கொண்டு வந்தார். பறப்பதற்குச் செய்த வண்டி அது. நடக்கிற ஆளோடு அதைச் சேர்த்து ஓட்டுவது லேசான காரியம் இல்லை. கிளட்ச்சைப் பாதி பிடித்துப் பாதி விட்டு, பிடித்து விட்டு, அந்தச் சாலை முழுக்க வந்திருக்கிறார். வாட்ச்மேன் கேட்டைத் திறந்தபோது அவர்கள் அப்படித்தான் வந்தார்கள். இவன் தலையில் ஹெல்மெட்டோடு நடந்து வந்தான். பக்கத்தில் மாப்பிள்ளை சூடேறி, உள்ளே ஃபேன் இரைந்துகொண்டு வந்தது. வாத்தியார் இறங்கி இடது கையை உதறினார். "கை கடுக்குதுங்க" என்று யதார்த்தமாகச் சொல்லிவிட்டு, சொன்னது என்ன என்று உறைத்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

ரவுண்டு என்னிடம் வந்து நின்றான். கொக்கியைக் கழற்றினேன். ஹெல்மெட்டுக்குள் முகம் முழுக்க நனைந்திருந்தது.

வாத்தியார் அந்த வண்டியையே வாங்கினார். பிரேக்கைப் பார்த்த பிறகு வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை என்றார். மேனேஜர் ரவுண்டைக் கூப்பிட்டு, "உன்னாலதான்யா இது முடிஞ்சது" என்று கை கொடுத்தார். அவனுடைய வலது கை மேனேஜர் கையில் கிடந்தது, பிடிக்கவில்லை.

"சார், நாளையிலேருந்து நான் வரல."

"ஏன்யா? ஓட்டச் சொல்லலையே. பேசத்தானே சொல்றேன்?"

"அதுக்குத்தான் சார் வரல. ஓட்டாதவன் எப்படி இருக்கும்னு சொன்னா அது பொய்யில்லையா? இத்தனை நாளு சொன்னேன். இனிமே வாய் வராது."

மேனேஜர் எவ்வளவோ சொன்னார். ஃபோர்மேன் ஷெட்டை விட்டு வெளியே வரவே இல்லை. உள்ளே எதையோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். அன்று தட்டுகிற வேலை எதுவும் அங்கே கிடையாது.

விடுமுறை நாட்களில் அவன் வீட்டுக்குப் போவேன். கூடத்தில் அவள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். சுவரோரம் நாற்காலியில் அவன் இருப்பான். தெருவில் வண்டி போனால் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. ஷோரூம் கதை எதுவும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. மழை வருமா, தண்ணீர் வந்ததா, இப்படித்தான் பேசிக்கொள்வோம். போன தடவை தம்ளரை நீட்டினேன். இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து வாங்கிப் பார்த்தான், சிந்தியது. அப்புறம் அவளே வந்து வாயில் வைத்துக் கொடுத்தாள். அவன் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். உள்ளே கேட்காத குரலில் கேட்டாள்.

"அக்கா, நீங்க தினமும் கும்பிடுறவங்க. கேட்டீங்களா?"

"தினமும் கேக்குறேன் கண்ணு."

"என்ன சொல்றாரு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இன்னும் ஒண்ணும் சொல்லல" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். தைத்துக் கொடுக்க வேண்டிய சீட் நிறைய இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். மெஷின் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.